கெளுத்தி வாயில் 31 முட்டைகள்

காவேரிப்பட்டணத்தில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவிடம் ஏரி மீனும் அணை மீனும்தான் அதிகம் இருக்கும். கடல் மீன் ஐஸ் பெட்டியில் இரவோடு இரவாகச் சென்னையிலிருந்து வந்து சேரும் நாட்களில் மட்டும் சங்கராவும் கெளுத்தியும் கிடைக்கும். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முக்கால் கிலோ இருக்கும் ஒரு கடல் கெளுத்தியை அரிவாள்மனைக்குக் கொண்டுபோனவர் கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், இதப் பாருங்க. எதோட முட்டையவோ முழுங்கப் போயி தொண்டையில சிக்கியிருக்கு" என்று மீனின் வாயைப் பிளந்து காட்டினார். கோலிக்குண்டு அளவில், வெளிறிய மஞ்சள் நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டாத முட்டைகள் வாய் நிறைய இருந்தன.

அவை அந்த மீனின் சொந்த முட்டைகள் என்றும், அது ஆண் மீன் என்றும், குஞ்சு பொரிந்து மஞ்சள் கரு வற்றும் வரையில் அது எதையும் உண்ணாமல் அவற்றை வாயிலேயே சுமந்து திரியும் என்றும் நான் சொன்னபோது, அக்கா "ஆம்பளையா?" என்று ஒரே ஒரு சொல் கேட்டார். பிறகு வாயை மெதுவாக மூடி, அந்த மீனைத் தனியாக எடுத்து வைத்தார். அன்று நான் அதையும், முட்டை இல்லாத வேறொரு கெளுத்தியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வலையில் சிக்கும்போது இந்த மீன்கள் பெரும்பாலும் முட்டைகளை உமிழ்ந்துவிடும் என்பதால், சந்தைக்கு வந்து சேரும் மீனின் வாயில் முழு ஈடும், அதாவது ஒரே தடவையில் இட்ட முட்டைகள் அத்தனையும், இருக்கும் என்று சொல்ல முடியாது. நான் எண்ணியபோது 31 முட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டம் கொண்டது. வயிற்றைத் திறந்து விந்தகத்தைப் பார்த்து ஆண் என்பதை உறுதி செய்துகொண்டேன். குடல் நூல் போலச் சுருங்கி, உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தது. கூடவே வாங்கிய மற்றொரு கெளுத்தியின் இரைப்பையில் நண்டு ஓட்டுத் துண்டுகளும் இறால் காலும் நிறைந்திருந்தன. ஒரே கடலிலிருந்து, அநேகமாக ஒரே வலையிலிருந்து வந்த இரண்டு மீன்களுக்கு இடையே இருந்த இந்த வேறுபாட்டைப் பார்த்தபடி அடுக்களைத் திண்ணையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த 31 முட்டைகளில் எத்தனை பிழைத்திருக்கும், அதைத் தீர்மானிப்பது தாயின் உடலா, தகப்பனின் உடலா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

மீன்களில் தகப்பன் காவல் எங்கள் பக்கத்துக்குப் புதிதன்று. பாரூர் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த என் தாத்தா, ஏரி ஓரத்தில் நீர்ப்பரப்பில் செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் கொதிப்பதுபோல் புரண்டால், "அது விரால் பார்ப்பு, கிட்டப் போகாத கண்ணு" என்பார். அந்தச் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே ஆண் விராலோ, ஆணும் பெண்ணும் சேர்ந்தோ காவல் நிற்கும். கையை விட்டால் பாய்ந்து கடிக்கும். ஆனால் காவல் காப்பது வேறு, சுமப்பது வேறு. கிருஷ்ணகிரி அணையில் இன்று மிகுதியாகக் கிடைக்கும் ஜிலேபி மீனும் குஞ்சுகளை வாயில் சுமக்கிறது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் ஜிலேபியில் இந்த வேலையைச் செய்வது தாய். கடல் கெளுத்தியில் தகப்பன். வகுப்பில் பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது இயல்புதான். பாலூட்டிகளைப் பார்த்து வளரும் நமக்குச் சுமப்பது தாயின் வேலை என்று தோன்றிவிடுகிறது. எலும்பு மீன்களின் உலகில் பெரும்பாலானவை முட்டையிட்ட பிறகு திரும்பிப் பார்ப்பதே இல்லை. பேணி வளர்க்கும் இனங்களிலோ, தாய் தனியாகப் பேணுவதைவிடத் தகப்பன் தனியாகப் பேணுவதே அதிகம். முட்டை தாயின் உடலுக்கு வெளியே, ஆணின் கண்ணெதிரே கருவுறுவதும், முட்டை கிடக்கும் இடத்தை அது ஏற்கெனவே காத்துக்கொண்டிருப்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.

இந்தச் சுமத்தல் அதன் எல்லைக்குப் போய் நிற்பது கடல் குதிரைகளிடமும் அவற்றின் நெருங்கிய உறவினர்களான குழல்மீன்களிடமும்தான். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றிலோ வாலிலோ உள்ள பைக்குள் இட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதன் பிறகு ஆண்தான் கருவுற்றிருக்கிறது என்று சொல்வதில் மிகையில்லை: பைக்குள் இரத்த நாளங்கள் பெருகுகின்றன, பைநீரின் உப்பளவு சீராக்கப்படுகிறது, கருக்களுக்கு ஆக்சிஜனும் ஓரளவு ஊட்டமும் தகப்பனின் உடலிலிருந்து போகின்றன. எல்லா இனங்களிலும் பை இவ்வளவு முழுமையாக இருப்பதில்லை. நீரோஃபிஸ் என்ற மெல்லிய குழல்மீனில் பையே கிடையாது. முட்டைகள் ஆணின் வயிற்றுப்புறத் தோலில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். கடல் குதிரையின் படங்களைப் பகிரும்போது நம்மவர்கள் அதைத் தியாகத்தின் உருவமாகவே எழுதுகிறார்கள். அந்த வியப்பு எனக்கும் உண்டு. ஆனாலும் அந்தச் சொல்லோடு நின்றுவிட்டால் பைக்குள் நடப்பதைப் பார்க்காமலே போய்விடுவோம் என்பதால், ஒரு குழல்மீனின் கதையை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சிங்நாத்தஸ் டைஃப்லி என்ற அகன்ற மூக்குக் குழல்மீன் ஐரோப்பியக் கரையோரங்களின் கடற்புல் படுகைகளில், புல்லோடு புல்லாக நிமிர்ந்து நின்று வாழ்கிறது. சுவீடனின் மேற்குக் கரையில் ஆண்டர்ஸ் பெர்க்லுண்ட், குனில்லா ரோசென்க்விஸ்ட், இங்ரிட் ஆனெஷோ முதலிய ஆய்வாளர்கள் 1980-களிலிருந்து இதைத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறார்கள். ஓர் ஆண் ஒரு ஈட்டைச் சுமந்து முடிக்கும் காலத்தில், ஒரு பெண் ஏறக்குறைய இரண்டு ஆண்களின் பையை நிரப்பும் அளவுக்கு முட்டைகளை உருவாக்கிவிடுகிறது என்று 1989-இல் அவர்கள் காட்டினார்கள். எனவே இங்கே தட்டுப்பாடு முட்டைக்கு இல்லை, பையில் இடத்துக்குத்தான். இடம் வேண்டிப் பெண்கள் போட்டியிடுகின்றன. எந்தப் பெண்ணின் முட்டையை ஏற்பது என்று ஆண் தேர்ந்தெடுக்கிறது.

அந்தத் தேர்வில் ஆண் பார்ப்பது முதலில் பெண்ணின் உருவ அளவை. பெரிய பெண் பெரிய முட்டையிடுகிறது; பெரிய முட்டையிலிருந்து பெரிய குஞ்சு வருகிறது; பெரிய குஞ்சு வேகமாக வளர்ந்து, தன்னை விழுங்கக்கூடிய வாய்களின் அளவைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறது. தோலுக்கடியில் புகுந்து கரும்புள்ளிகளை உண்டாக்கும் ஓர் ஒட்டுண்ணி இந்த மீன்களுக்கு வருவதுண்டு. புள்ளி நிறைந்த பெண் குறைவான முட்டைகளையே இடுகிறது. ஆண்கள் அத்தகைய பெண்களைத் தவிர்க்கின்றன என்பது 1995-இல் வெளியான ஆய்வு. பெண்ணின் தோலில் ஆண் படிப்பது வரப்போகும் ஈட்டின் கணக்கைத்தான். 2000-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், தாம் விரும்பிய இணையோடு சேர வாய்ப்புப் பெற்ற மீன்களின் குஞ்சுகள், வேட்டையாடும் மீனிடமிருந்து தப்புவதில் மற்றவற்றைவிடத் தேர்ந்தவையாக இருந்தன. ஆனால் கொல்லும் மீன் அருகில் இருக்கும்போது இந்தத் தேர்வெல்லாம் தளர்ந்து, ஆண் கிடைத்த பெண்ணோடு சேர்ந்துவிடுகிறது. தன் உயிர் நிலைத்தால்தான் ஈடு நிலைக்கும் என்ற நிலையில் நின்று ஆராய நேரமில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டால், குஞ்சின் பிழைப்பு முழுவதும் தாய் முட்டைக்குள் வைத்துவிட்ட சேமிப்பைப் பொறுத்தது என்றும், தகப்பன் நல்ல சேமிப்பைத் தேர்ந்தெடுத்துப் பத்திரமாக வைத்திருக்கும் பெட்டி மட்டுமே என்றும் தோன்றும். நானும் எம்.எஸ்சி. படித்த காலத்தில் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன். ஆனால் பையில் சுமக்கப்படும் கருக்கள் குறைவாக இருந்தால் பிறக்கும் குஞ்சுகள் மேலானவையாக இருக்கின்றன என்று ஆனெஷோ 1992-இலேயே எழுதியிருந்தார். முட்டைக்குள் இருக்கும் மஞ்சள் கரு மட்டுமே கணக்கு என்றால், பக்கத்தில் எத்தனை உடன்பிறப்புகள் இருக்கின்றன என்பது ஒரு குஞ்சைப் பாதிக்கக் கூடாது. பாதிக்கிறது என்றால், தகப்பன் கொடுக்கும் ஏதோ ஒன்று பங்கிடப்படுகிறது. ஆக்சிஜன் அதில் ஒன்று. பைக்குள் அதன் அளவு வெளிநீரில் இருப்பதைவிடக் குறைவு என்று பின்னாளில் அளந்தும் பார்த்தார்கள். ஊட்டமும் தகப்பனிடமிருந்து கருவுக்குப் போகிறது என்பதற்கு 2011-இல் சான்று கிடைத்தது.

இதற்கு ஓராண்டு முன்பு, 2010-இல், கிரி சாகபாக்கனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு குழல்மீன் பையில் எல்லா முட்டைகளும் குஞ்சாவதில்லை. சில நடுவழியிலேயே வளர்ச்சி நின்று சுருங்கிவிடும். அந்தச் சுருங்கிய கருவின் சத்து எங்கே போகிறது? வலுவான உடன்பிறப்புகள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன என்ற ஊகம் இருந்தது. இதைச் சோதிக்க, பெண்ணின் முட்டைகளுக்குள் அடையாளமிட்ட அமினோ அமிலங்கள் சேரும்படி செய்து, ஒவ்வொரு ஆணையும் அடையாளமிட்ட ஒரு பெண்ணோடும் அடையாளமிடாத ஒரு பெண்ணோடும் சேர விட்டார்கள். பிறகு தேடியபோது, அந்த அடையாளம் பக்கத்தில் வளர்ந்த மாற்றுத்தாய்க் குஞ்சுகளிடம் இல்லை. தகப்பனின் பைத் திசுவிலும், கல்லீரலிலும், தசையிலும் இருந்தது. தாய் முட்டைக்குள் வைத்துக் கொடுத்த சேமிப்பில் ஒரு பங்கைத் தகப்பன் தன் உடலுக்குள் எடுத்துக்கொண்டிருந்தது. ஊட்டும் அதே பையின் வழியாகவே எடுத்துக்கொள்வதும் நடக்கிறது.

இதைத் தகப்பனின் கொடுமையாகப் படிக்க எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. பட்டினியோடும் பாரத்தோடும் நீந்தும் ஓர் உடல், பிழைக்க வாய்ப்பில்லாத கருவின் சத்தை வீணாக்காமல் வாங்கிக்கொள்வதாக இதைப் பார்க்கலாம். எடுத்துக்கொண்டதால்தான் கரு சுருங்கியதா, சுருங்கிய பிறகு எடுத்துக்கொண்டதா என்பது வேறொரு கேள்வி, அதுதான் கடினமான கேள்வி. எப்படி இருந்தாலும், பையைத் தொட்டில் என்று அழைப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். வகுப்பில் இப்போது அதை ஒரு கணக்குப் புத்தகம் என்றே சொல்கிறேன்; வரவும் செலவும் ஒரே பக்கத்தில் எழுதப்படுகிற புத்தகம்.

அதே 2010-இல், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கிம்பர்லி பாக்சோல்ட்டும் ஆடம் ஜோன்ஸும் மெக்சிகோ வளைகுடாக் குழல்மீனைப் பற்றி எழுதியது இந்தக் கணக்கை இன்னும் தெளிவாக்கியது. அந்த இனத்தின் ஆண் ஒரு நேரத்தில் ஒரு பெண்ணின் முட்டைகளை மட்டுமே ஏற்கும், பையும் உள்ளே தெரியும்படி மெல்லியதாக இருக்கும் என்பதால், எத்தனை முட்டை ஏற்றப்பட்டது, அதில் எத்தனை கரு தேறியது என்று எண்ணிவிடலாம். ஒவ்வொரு ஆணையும் அடுத்தடுத்து இரண்டு ஈடுகள் சுமக்க விட்டுப் பார்த்தார்கள். பெரிய பெண்ணின் ஈட்டில் முட்டைகளும் அதிகம், பிழைத்த விகிதமும் அதிகம். அதைவிட முக்கியமானது அடுத்த ஈடு: முதல் ஈட்டில் அதிகக் குஞ்சுகளைப் பிழைக்க வைத்த தகப்பனின் இரண்டாவது ஈட்டில் பிழைப்பு குறைந்தது. அதாவது, கண்ணுக்குப் பிடித்த பெண்ணின் பிள்ளைகளுக்கு உடலை அதிகம் செலவழித்தால், அந்தச் செலவு அடுத்து வரும் பிள்ளைகளின் பங்கிலிருந்து கழிகிறது. சிறிய பெண்ணின் முட்டைகளைச் சுமக்கும்போது ஆண் கையை இறுக்கிக்கொண்டு, வரப்போகும் நல்ல ஈட்டுக்காகச் சேமிக்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இந்த விளக்கத்தை நான் பெருமளவு ஏற்கிறேன், ஒரு தயக்கத்தோடு. பெரிய தாயின் முட்டை முதலிலேயே வலுவானதாக இருந்தால், தகப்பன் ஒன்றுமே கூடுதலாகச் செய்யாமலும் அந்த ஈடு நன்றாகத் தேறக்கூடும். தாயின் பங்கையும் தகப்பனின் பங்கையும் ஒரே பைக்குள் வைத்துக்கொண்டு பிரித்து எடுப்பது அரிது. ஆனால் இரண்டாவது ஈட்டில் விழுந்த அடியை முட்டையின் வலுவை மட்டும் சொல்லி விளக்கிவிட முடியாது. அது தகப்பனின் உடலில் ஏதோ உண்மையாகவே செலவாகியிருப்பதைக் காட்டுகிறது. என் கெளுத்தியின் நூல் போன்ற குடலைப் பார்த்தவர்களுக்கு அதில் ஐயம் இருக்காது.

செலவாவது கொழுப்பும் தசையும் மட்டுமே என்றும் இல்லை. செயலிழக்கச் செய்த விப்ரியோ பாக்டீரியாவைக் குழல்மீன் பெற்றோரின் உடலில் செலுத்தி, அவற்றின் குஞ்சுகளைச் சோதித்த 2012-ஆம் ஆண்டு ஆய்வில், நோயெதிர்ப்பின் தயார்நிலை தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் குஞ்சுக்குப் போவது தெரிந்தது. பெரும்பாலான விலங்குகளில் தாய் மட்டும் கொடுக்கும் இந்தச் சீர், இங்கே இரு வழியாகவும் வருகிறது. தகப்பன் எந்தெந்த நோயைக் கண்டு பிழைத்தது என்பதும் குஞ்சின் பிழைப்பில் ஒரு பங்காகிறது.

வாயில் சுமக்கும் தகப்பன்களிடம் திரும்பி வந்தால், தாயும் தகப்பனைப் பார்த்துத் தன் கணக்கை மாற்றிக்கொள்வது தெரிகிறது. இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சேர்ந்த, அலங்கார மீன் கடைகளில் கறுப்பு வெள்ளைக் கோடுகளோடு காணக் கிடைக்கும் பாங்காய் கார்டினல் மீனில், பெரிய ஆணோடு சேரும் பெண் பெரிய முட்டைகளை இடுகிறது என்று நிக்லாஸ் கோல்ம் 2001-இல் காட்டினார். நன்றாகச் சுமக்கக்கூடிய வாய் கிடைத்தால் அதற்கேற்ற முதலீட்டைத் தாய் செய்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இந்த ஆய்வைப் படித்த பிறகு, தாயின் குணம் தகப்பனின் குணம் என்று இரண்டு தனித் தூண்களாக எழுதிப் படம் போட்டுக் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாமல் போயிற்று. முட்டையின் அளவு தாயின் குணம்தான். ஆனால் அந்தக் குணத்துக்குள்ளேயே தகப்பனின் உருவம் புகுந்திருக்கிறது.

மீன்கார அக்கா முதலில் சொன்னதிலும் ஓர் உண்மை இருக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஜப்பானியக் கடலில் வாழும் வேறொரு கார்டினல் மீனில், வாயில் சுமக்கும் ஆண் சில சமயம் முழு ஈட்டையுமே விழுங்கிவிடுகிறது. ஒகுதா, யானாகிசாவா என்ற ஆய்வாளர்கள் 1990-களில் இதை ஆணின் உடல்நிலையோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். பட்டினி கிடக்கும் ஒரு மீனின் வாயில், அதற்குக் கிடைக்கக்கூடிய மிகச் சத்தான உணவு, வாரக்கணக்கில் விழுங்கப்படாமல் இருக்கிறது என்பதுதான் உண்மையில் வியப்புக்குரியது. என் வீட்டுத் தொட்டியில் ஃபைட்டர் மீன் நுரைக்கூடு கட்டும்போதும் இதையே பார்க்கிறேன். பாதாம் இலைக்கு அடியில் நுரை கட்டி, கீழே நழுவும் ஒவ்வொரு முட்டையையும் வாயால் கவ்வி மேலே ஏற்றி வைக்கும் அந்த ஆண், அந்த ஒன்றிரண்டு நாட்களுக்குள் அதை நூறு முறை வாய்க்குள் வாங்கி, நூறு முறையும் திருப்பி வைக்கிறது. சென்ற முறை நன்கு கொழுத்திருந்த ஆணின் கூட்டில் பெரும்பாலான முட்டைகள் பொரிந்தன. மெலிந்திருந்த ஆண் இரண்டாம் நாளே கூட்டைக் காலி செய்துவிட்டது. இரண்டு தொட்டிகளை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆனாலும் இனி மெலிந்த ஆணை இணை சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

கடல் கெளுத்தியிலோ கணக்கு வேறு எங்கும் இல்லாத அளவுக்கு இறுக்கமானது. தாய் நூற்றுக்கணக்கில் சிறு முட்டைகள் இடுவதற்குப் பதிலாகச் சில பத்து பெரிய முட்டைகளை இடுகிறது. அவ்வளவு பெரிய மஞ்சள் கரு வற்றிக் குஞ்சு தானாக இரை தேடும் நிலைக்கு வர, இனத்தையும் நீரின் வெப்பத்தையும் பொறுத்து இரண்டு மாதம் வரைகூட ஆகலாம். தகப்பனின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் ஈடு; அதன் கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறதோ அவ்வளவு நாள்தான் பொறுமை. இவ்வளவு குறைவான பிள்ளைகளை இவ்வளவு நீண்ட காலம் சுமக்கும் ஓர் இனத்தில், சுமக்கும் காலத்தில் ஒரு தகப்பன் வலையில் ஏறினால், ஒரு மீனோடு அந்தப் பருவத்தின் முழு ஈடும் போய்விடுகிறது. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட கடல் குதிரைகளுக்காவது சட்டத்தின் துணை உண்டு. சந்தையில் கிலோ கணக்கில் விற்கப்படும் கெளுத்திக்கு அப்படி எதுவும் இல்லை. சுமக்கும் மாதங்களில் அதைப் பிடிக்காமல் விட வேண்டும் என்று நான் விரும்புகிறேன், பிடிப்பவர்களின் பிழைப்பையும் அறிந்தே.

இரண்டு மாதம் கழித்து அக்கா எனக்காக இன்னொரு கெளுத்தியை எடுத்து வைத்திருந்தார். வாயில் எட்டுதான் மிச்சம். முட்டைகள் பொரிந்து, ஒவ்வொரு குஞ்சும் தன் வயிற்றில் ஒரு மஞ்சள் உருண்டையைக் கட்டிக்கொண்டு கிடந்தது. மீசைகள் முளைத்திருந்தன, கண்கள் கறுத்திருந்தன. "இது எத்தன நாளா பட்டினி கெடந்திருக்கும் டீச்சர்?" என்று கேட்டார். ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்து, வயிற்றில் மஞ்சள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இருவரும் குனிந்து பார்த்தோம். பாதிக்கு மேல் வற்றியிருந்தது. ஒரு மாதமாவது இருக்கும் அக்கா என்றேன். அவர் அந்த மீனை எடை போடவில்லை. குஞ்சுகளோடு சேர்த்து ஒரு பாலித்தீன் பையில் ஐஸ் போட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று கொடுத்தார்.